கடுகண்ணாவைக் கணவாயும் கணினி நகரோவியமும்

தோற்றுவாய்

ஓவியம் எழுதப்படும் பரப்பிற்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. இல்லாத ஆழத்தை உள்ளதுபோற் கண்ணுக்குக் காட்டுதலே ஓவியக் கலையின் பழம்பெரும் வித்தை. சுவரில் எழுதினும், துணியில் எழுதினும், இக்காலத்து மாணவர்போலக் கணினித் திரையில் எழுதினும் இவ்வுண்மை மாறுவதில்லை. கருவி மாறியிருக்கின்றது, காணும் கண் மாறவில்லை.

இன்று நம் மாணவருட் பலர் அழுத்தத்தை உணரும் எழுதுகோலையும் வரைபலகையையும் கொண்டு கணினியில் ஓவியம் எழுதப் பயில்கின்றனர். அவருட் சிலர் திரைப்படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் பின்னணிக் காட்சி எழுதுவதையே சீவனோபாயமாகக் கொள்ளவும் விழைகின்றனர். வரவேற்கத்தக்க விழைவே. ஆயின், அவர்தம் நகரக் காட்சிகளை நோக்குமிடத்து ஒரு குறை பொதுவாகத் தென்படுகின்றது. கட்டடங்கள் செம்மையாக உள்ளன. சாளரங்கள் ஒவ்வொன்றும் எண்ணி எழுதப்பட்டுள்ளன. ஆயினும் நகரம் முழுவதும் கண்ணாடிப் பெட்டியுள் அடுக்கிய கொலுப்பொம்மைபோலத் தோன்றுகின்றது. காரணம் யாதெனின், அக்கட்டடங்களுக்கிடையே காற்று இல்லை.

காற்றை எழுதும் முறையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்குரிய களமாகக் கடுகண்ணாவையையும் அதனை அடுத்த கண்டி மாநகரையும் கொள்வாம். இப்பொருள்பற்றிக் கற்க வேண்டிய பாடங்களுட் பெரும்பாலானவற்றைப் பத்து மைல் தூரத்துள்ளே இயற்கை அங்கு விரித்து வைத்திருக்கின்றது.

கணவாயும் அதன் காட்சியும்

கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருவீதி, சேர் எட்வேட் பான்ஸ் என்னும் தேசாதிபதியின் முயற்சியால் 1820களில் அமைந்தது. மலையைத் துளைத்து வருபவனுக்கன்றிக் கண்டி பிறர்க்குப் பணியாது என்றொரு ஐதிகம் மலைநாட்டில் வழங்கிற்று. கடுகண்ணாவையிற் பாறையைக் குடைந்து அவ்வீதி செலுத்தப்பட்ட இடத்தை இன்றும் காணலாம். வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரமும் அங்கே நிற்கின்றது. புகையிரதம் 1867இல் கண்டியை அடைந்தது. இரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் இருப்புப் பாதை, 45 அடி சென்றால் 1 அடி உயரும் சரிவுடையது. இப்பாதையின் பெருமையை நினைவூட்டும் தேசிய புகையிரத நூதனசாலை 2014 திசெம்பரில் கடுகண்ணாவையில் திறக்கப்பட்டது.

வடபுலத்திலிருந்து வருவோர் பொல்காவலைச் சந்தியில் வண்டி மாறி இவ்வேற்றத்தைக் கண்டிருப்பர். அலகல்ல மலைச்சரிவை ஒட்டி வண்டி ஊர்ந்து செல்லுங்கால், ஒருபுறம் கைநீட்டினால் தொடக்கூடிய கரும்பாறை; மறுபுறம் பள்ளம். பள்ளத்தில் வயல்கள், வயல்களுக்கப்பால் மரச்செறிவு, அதற்கப்பால் பைபிள் மலை என்று ஆங்கிலேயர் பெயரிட்ட பத்தலேகல, அதற்கும் அப்பால் பெயரறியா மலைத்தொடர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றினும் ஒன்று வெளிறியனவாக நிற்கும். யாழ்ப்பாணத்துச் சமவெளியில், பனைவரிசை முடியுமிடத்திலே பார்வையும் முடியக் கண்டு வளர்ந்தவர்க்கு இது புதியதொரு கல்வி. சேய்மை என்பது அளவிற் சிறுத்தல் மாத்திரமன்று, நிறத்தில் வெளிறுதலுமாகும் என்பதை இவ்வண்டிச் சாளரம் கற்பித்துவிடும்.

பதினோராம் நூற்றாண்டிற் சீன தேசத்தில் வாழ்ந்த குவோ சி என்னும் ஓவியர் மலைக்காட்சியின் சேய்மையை மூன்றாக வகுத்தார். அடியினின்று முடியை நோக்குதல் ஒன்று. முன்மலையினின்று பின்மலையின் உட்புறத்தை ஊடுருவி நோக்குதல் ஒன்று. அண்மையினின்று தொலைவைச் சமமாக நோக்குதல் ஒன்று. கடுகண்ணாவையில் ஒரே வளைவில் நின்று தலையை மூன்று முறை திருப்பினால் இம்மூன்றும் கிட்டும்.

நிலமும் பொழுதும்

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாடு புதியதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றிற் பிறந்து வாழ்வன கருப்பொருள். மாந்தர் உள்ளத்து நிகழ்ச்சி உரிப்பொருள். செய்யுளுக்கு வகுத்த இம்முறையை நகரோவியத்துக்கும் கொள்ளலாம் என்பது எம் கருத்து. கட்டடம், வாகனம், விளம்பரப் பலகை, மின்கம்பி, காகம் ஆகியன எல்லாம் கருப்பொருள். மாணவர் பெரும்பாலும் இவற்றிலிருந்தே ஓவியத்தைத் தொடங்குகின்றனர். பின்னர், எழுதி முடித்த நகரத்தின்மீது 'சூழல்' வேண்டுமென்று ஒரு பெரிய மென்றூரிகையால் வெண்பனியைப் பூசிவிடுகின்றனர். இது முதலைக் கடைசியாக வைக்கும் முறை.

எந்த நிலம், எந்தப் பொழுது என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். விடியற்காலைக் கண்டியா, நண்பகற் கண்டியா? தென்மேற்குப் பருவமழைக்காலக் கடுகண்ணாவையா, தைமாதத்துக் கடுகண்ணாவையா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்தவுடன் ஞாயிறு நிற்கும் இடமும், நிழல் விழும் திசையும், காற்றின் நிறமும் தாமே அமையும். குளோட் மொனே என்னும் பிரெஞ்சு ஓவியர் 1899 முதல் 1901 வரை இலண்டனுக்குப் பன்முறை சென்று, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள பாராளுமன்றக் கட்டடத்தை மீண்டும் மீண்டும் எழுதினார். கட்டடம் ஒன்றே, பொழுதும் மூடுபனியும் பல. ஆகவே ஓவியங்களும் பல.

கோடு தரும் ஆழம்

ஆழத்தைக் காட்டும் வழிகள் இரண்டு: ஒன்று கோடு, மற்றொன்று காற்று. கோட்டின் இலக்கணத்தை இத்தாலியில் புரூனெலெஸ்கி பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செய்து காட்டினார். அல்பேர்ட்டி 1435இல் நூலாக்கினார். ஒருபோகாகச் செல்லும் கோடுகள் எல்லாம் தொலைவில் ஒரு மறைபுள்ளியிற் கூடுவனபோலத் தோன்றும் என்பதே அதன் சாரம். இது பள்ளிப் பாடநூல்களில் உள்ளதாகலின் ஈண்டு விரியாது, மலைநகரத்துக்கே உரிய ஒன்றை மட்டும் கூறுவாம்.

சமநிலத்து வீதியின் ஓரங்கள் கண்மட்டத்திலே கூடும். ஏறிச் செல்லும் வீதியின் ஓரங்களோ கண்மட்டத்துக்கு மேலே கூடும். இறங்கிச் செல்லும் வீதியின் ஓரங்கள் கீழே கூடும். ஆயின், அவ்வீதியோரத்துக் கட்டடங்கள் சாய்ந்து நிற்பதில்லை. அவற்றின் கூரைவிளிம்பும் சாளரமும் கிடையாக உள்ளனவாகலின், அவற்றின் கோடுகள் கண்மட்டத்திலேயே கூடும். ஆகவே ஒரே வீதிக்கு இரண்டு மறைபுள்ளிகள் வேண்டும். இதனை அறியாதார் எழுதும் மலைவீதியிற் கட்டடங்களும் வீதியுடன் சேர்ந்து சரிந்துவிடும். அன்றேல் வீதி சமநிலமாகிவிடும். கடைகளின் அத்திவாரம் ஒருபுறம் தாழ்ந்தும் ஒருபுறம் உயர்ந்தும் படிப்படியாக ஏறுவதை எழுதினாலன்றி மலைநகரம் மலைநகரமாகாது.

மரபு வேறாயின் ஆழமும் வேறாகும் என்பதையும் மறத்தலாகாது. கீர்த்தி சிறி இராசசிங்கன் காலத்துத் தெகல்தொருவை விகாரைச் சுவரோவியங்களில் மறைபுள்ளி இல்லை; நிழல் இல்லை; செந்நிறப் பின்னணியில் உருவங்கள் நிரைநிரையாகக் கதை கூறுகின்றன. அவ்வோவியர்க்குச் சேய்மை வேண்டியதில்லை, கதையே வேண்டும். அவரிடமிருந்து நம் மாணவர் கற்கத்தக்கது, தேவைக்கேற்ற முறையை மாத்திரம் கொள்ளும் தெளிவு.

காற்று தரும் ஆழம்

தொலைவிலுள்ள பொருளிலிருந்து புறப்படும் ஒளி, வழியிலுள்ள காற்றினாற் சிதறி ஓரளவே நம்மை வந்தடைகின்றது. அதேவேளை, இடைப்பட்ட காற்றுத் தானும் ஞாயிற்றின் ஒளியைச் சிதறி நம் கண்ணுக்கு அனுப்புகின்றது. முன்னதாற் பொருளின் நிறம் குறைகின்றது. பின்னதாற் காற்றின் நிறம் கூடுகின்றது. இவ்விரண்டும் சேர்ந்ததே மலையின் வெளிறல்.

தெளிந்த காற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியன. அவை குறுகிய அலைநீளமுடைய ஒளியையே மிகுதியாகச் சிதறும். அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதமாகச் சிதறல் அமையும் என்பது இறேலி என்னும் அறிஞர் கண்ட விதி. இதன்படி 450 நனோமீற்றர் நீல ஒளி, 650 நனோமீற்றர்ச் செவ்வொளியினும் நான்கு மடங்குக்கு மேலாகச் சிதறும். தூரத்து மலை நீலமாதல் இதனாலேயே. மூடுபனியின் நீர்த்துளிகளோ ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியன. அவை எல்லா நிறத்தையும் ஒப்பச் சிதறுமாகலின் பனி வெண்மையாகத் தோன்றும். புகையின் நுண்துகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அடுப்புப் புகை கரிய மலையின் முன் எழும்போது நீலமாகவும், ஒளிமிக்க வானத்தின் முன் செல்லும்போது பழுப்பாகவும் தோன்றும். ஒரே புகைக்கு ஒரே நிறத்தைப் பூசுவோர் இதனை உற்று நோக்கல் வேண்டும்.

இங்கே மாணவர் கருதத்தக்கது இன்னுமொன்று. தொலைவு கூடக்கூட எல்லாம் வெண்மையாகும் என்பது முழு உண்மையன்று. முதலில் மாறுவது கருமை. மரநிழலும் கூரையின் அடிநிழலும் விரைவில் நீலச்சாம்பலாகும். வெண்பொருளோ ஒளியிற் சிறிது குறைந்து, இலேசாக மஞ்சளிக்கும். பகிரவகந்தையின் மேலுள்ள வெண்ணிறப் பெரும் புத்தர் சிலையை நகரின் மறுகரையிலிருந்து நோக்குக. சிலை பனியைப்போல் வெளிறுவதில்லை. அதனைச் சூழ்ந்த மரங்களின் கருமையே வெளிறி அதனை நெருங்குகின்றது. எனவே தூரத்துப் பொருளை எழுதும்போது கருமையை உயர்த்துக. வெண்மையைச் சிறிதே தாழ்த்துக.

இவ்வெளிறல் எவ்வளவாக அமையும்? லெயனார்டோ டா வின்சி, ஐந்து மடங்கு தொலைவிலுள்ள கட்டடத்தை ஐந்து மடங்கு நீலமாக எழுதுக என்னும் கருத்துப்படத் தம் குறிப்பில் விதித்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அது வியத்தகு நுண்ணோக்கே. ஆயின் இயற்கை கூட்டலாற் செய்வதில்லை, பெருக்கலாற் செய்கின்றது. 1924இல் கொஷ்மீடர் என்னும் செருமானிய அறிஞர் வகுத்த காட்சித் தொலைவுக் கொள்கை இதனைத் தெளிவாக்கிற்று. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். ஒரு கிலோமீற்றர்க் காற்று ஒளி வேறுபாட்டில் நூற்றுக்கு 20 பங்கை மறைக்கின்றதெனக் கொள்க. எஞ்சுவது 80. இரண்டாம் கிலோமீற்றர் அந்த 80இல் ஐந்திலொன்றை மறைக்கும், எஞ்சுவது 64. மூன்றில் 51, ஐந்தில் 33, பத்தில் 11. ஏறத்தாழ 17 கிலோமீற்றரில் எஞ்சுவது 2. அதற்குமேற் கண் வேறுபாட்டைப் பிரித்தறியமாட்டாது. அஃதே காட்சியின் எல்லை.

இக்கணக்கின் பயன் யாது? பல மாணவர் ஐந்து மலைகளை எழுதி அவற்றை 20, 40, 60, 80 எனச் சமபடியாக வெளிறச் செய்கின்றனர். படிக்கட்டுப்போல் தோன்றுகின்றதேயன்றி மலைபோல் தோன்றவில்லை. அண்மையில் மாற்றம் விரைவு, சேய்மையில் மாற்றம் மெது என்பதே இயற்கையின் நடை.

இருவகைப் பனி

கடுகண்ணாவையும் கண்டியும் அருகருகே இருப்பினும் அவற்றின் பனி ஒன்றன்று. இவ்வேறுபாட்டை அறிவதே இக்கட்டுரையின் உயிர்நிலை எனலாம்.

கடல் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்றுக் கடுகண்ணாவைச் சரிவில் மோதி மேலெழுகின்றது. மேலெழும் காற்றுக் குளிர்கின்றது. குளிர்ந்த காற்றின் ஈரம் துளிகளாகின்றது. கீழே மாவனெல்லையில் வீதி தெளிவாயிருக்க, மேலே கணவாய் வெண்முகிலுள் மறைந்திருத்தலை மழைக்காலத்தில் யாரும் காணலாம். ஈண்டு மறைவது பொருள்களின் தலை. மரத்தின் அடி தெரியும், முடி தெரியாது. கோபுரத்தின் பீடம் தெரியும், உச்சி கரைந்துவிடும்.

கண்டியோ ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், அந்தானை முதலிய மலைகள் சூழ்ந்ததொரு கிண்ணம். தெளிந்த இரவில் மலைச்சரிவின் காற்றுக் குளிர்ந்து கனத்துக் கிண்ணத்தின் அடியில் வந்து தங்குகின்றது. மேலேயுள்ள காற்று அதனினும் வெப்பமாயிருத்தலாற் கீழ்க்காற்று மேலெழுவதில்லை. விடியற்காலையில் வாவியின் ஆவியும், வீடுகளின் புகையும், வாகனப் புகையும் அம்மூடியின்கீழ் அகப்பட்டுக்கொள்கின்றன. ஈண்டு மறைவது பொருள்களின் அடி. வீதி தெரியாது; கூரைகளும் மலைமுடிகளும் மிதப்பனபோல் நிற்கும். இதன் நிறமும் தூய வெண்மையன்று. சாம்பலும் பழுப்பும் கலந்தது. அதன் அழகை வியக்கும் கண், அதனை உள்ளிழுக்கும் நெஞ்சையும் நினைத்தல் தகும். நெரிசல் மிக்க வீதியிற் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளையின் ஓவியத்தில் அப்பழுப்பு உண்மையாகவே இருத்தல் வேண்டும். மொனேயின் இலண்டன் ஓவியங்களில் ஒளிர்வதும் நிலக்கரிப் புகை தோய்ந்த பனியே.

ஆகவே, தலை மறையும் முகில் எது, அடி மறையும் பனி எது என்று தெளியாது பனியைப் பூசுவோன் கண்டியையும் எழுதான், கடுகண்ணாவையையும் எழுதான்.

அடுக்குகளால் எழுதுதல்

இனிக் கருவிக்கு வருவாம். கணினி ஓவியத்தின் சிறப்பு அடுக்கு. ஒளிபுகும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி அடுக்கில் எழுதலாம். ஒளிபுகும் படங்களை ஒன்றன்மேலொன்று பொருத்தும் கணிதத்தைப் போட்டர், டவ் என்னும் இருவர் 1984இல் வெளியிட்டனர். போட்டோஷொப் மென்பொருளில் அடுக்குகள் 1994இல் வந்தன. இன்று விலையின்றிக் கிடைக்கும் கிரிதா முதலிய மென்பொருள்களிலும் அவ்வசதி உண்டு. ஆகவே பொருளில்லாமை இக்கலைக்குத் தடையன்று.

அக்கணிதத்தில் ஒரு நன்மை பொதிந்துள்ளது. நூற்றுக்கு 20 மறைக்கும் அடுக்கொன்றைப் பின்காட்சியின்மேல் வைத்தால் 80 எஞ்சும். மற்றுமொன்றை வைத்தால் 64 எஞ்சும். மேலே காற்றுக்குக் கூறிய பெருக்கல் இதுவேயன்றோ! எனவே விதி எளிது: மலையை வெளிறச் செய்யற்க, மலைக்கு முன்னே காற்றை வைக்க. ஒவ்வொரு காட்சி அடுக்குக்கும் அடுத்ததற்குமிடையே மெல்லிய காற்றடுக்கொன்றை அமைத்துவிட்டால், சேய்மையின் கணக்கைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

ஆதர் சீற் எனப்படும் மேட்டிலிருந்து கண்டி நகரை எழுதுவதாகக் கொள்வாம். முதலடுக்கில் அண்மையிலுள்ள மரக்கிளையும் ஓட்டுக்கூரையும், இரண்டாவதில் வாவி, மூன்றாவதில் தலதா மாளிகையும் நகரக் கட்டடங்களும், நான்காவதில் உடவத்தக்கலைக் காடு, ஐந்தாவதில் வடகிழக்கே தொலைவில் நிற்கும் மலைத்தொடர், ஆறாவதில் வானம். இவற்றை எழுதுமுன் நிலப்படத்தை விரித்துத் தூரங்களை அளந்து கொள்க. மாளிகைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட தூரம் சிறிது. காட்டுக்கும் தூரமலைக்கும் இடைப்பட்டது பெரிது. மாளிகைக்கும் காட்டுக்குமிடையே ஒரு கிலோமீற்றரிற் குறைந்த காற்றே உண்டாகலின், அங்கே மிக மெல்லிய அடுக்குப் போதும். 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மலையிலிருந்தோ மேற்கூறிய காற்றில் நூற்றுக்கு 4 பங்குகூட வந்து சேராது. எல்லா இடைவெளிக்கும் ஒரே அளவான காற்றை வைப்போர் நகரைத் தேவையின்றி மறைத்து, மலையைத் தேவையின்றித் துலக்குகின்றனர்.

காற்றடுக்கின் நிறத்தை அடிவானத்திலிருந்து எடுக்க. ஞாயிறு நிற்கும் திசையில் அது ஒளிமிக்கதாயும் வெதுமையானதாயும், எதிர்த்திசையில் நீலமானதாயும் இருக்கும். ஒரே படத்திலும் இடமிருந்து வலமாக மாறலாம். விடியற்காலைப் பனியாயின் அடுக்கின் அடிப்பகுதியை அடர்த்தியாகவும் மேற்பகுதியை அருகலாகவும் அமைக்க. கடுகண்ணாவை முகிலாயின் இதனைத் தலைகீழாக்குக. அடர்ந்த முகிலிற் காட்சி 500 மீற்றருக்குள் முடியுமாயின், ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 46 பங்கே எஞ்சும். ஆகவே அங்கே அடுக்குகள் நெருக்கமாக வேண்டும்: கைப்பிடிச் சுவர், விளக்குக் கம்பம், நிற்கும் லொறி, அடுத்த வளைவு என ஒவ்வொன்றும் தனியடுக்காதல் நன்று.

தொடக்கத்தில் நிறத்தை முற்றாக விலக்கிக் கருமை வெண்மை கொண்டு மட்டும் எழுதிப் பழகுதல் நலம். மதுரையிற் பிறந்த மனோகர் தேவதாஸ் (1936 - 2022), கண்ணொளி படிப்படியாகக் குன்றிய நிலையிலும், அந்நகரத்துக் காட்சிகளைக் கருமையினால் நுண்கோடுகளாக எழுதிப் புகழ்பெற்றார். கோட்டின் செறிவையும் அருகலையும் கொண்டே ஒளியையும் சேய்மையையும் காட்டலாம் என்பதற்கு அவர் படங்கள் சான்று. கருமை வெண்மையில் ஆழமில்லாத படத்துக்கு நிறத்தால் ஆழம் வந்துவிடாது.

கணினி விரிக்கும் வலைகள் இரண்டுண்டு. ஒன்று, பனியையும் மழுக்கலையும் ஒன்றெனக் கொள்ளுதல். நிழற்படக் கருவியின் வில்லை குவியாவிடத்து விளிம்பு மழுங்கும். மெல்லிய பனியிலோ விளிம்பு பெரும்பாலும் கூர்மையாகவே இருக்கும். ஒளி வேறுபாடே குறையும். பத்தலேகலையின் வெட்டினாற்போன்ற விளிம்பை மாலைப் பனியினூடே நோக்குக, வெளிறியிருக்கும், மழுங்கியிராது. தூரப்பொருளையெல்லாம் மழுக்கிவிட்டாற் பெருநகரம் மேசைமேல் வைத்த பொம்மையாகிவிடும். மற்றையது, படிப்பட்டை. வழக்கமான 8 பிற் அளவிற் கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 256 படிகளே உள்ளன. பனியோ அவற்றுட் சில படிகளுக்குள்ளேயே பரந்து கிடப்பது. ஆதலிற் படிகள் பட்டை பட்டையாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். 16 பிற் அளவில் எழுதுதலும், இறுதியில் மணல்போன்ற நுண்பொடியைத் தூவுதலும் இதற்குப் பரிகாரம்.

வீதியும் விளக்கும் வாவியும்

மலைக்கு உரியது நகரவீதிக்கும் உரியது. ஆயின் வீதியில் தூரம் சிறிதாகலின் காற்று மட்டும் போதாது. பொருள் பொருளை மறைத்தலும், அளவிற் சிறுத்தலும், ஒளியும் நிழலும் மாறிமாறி வருதலும் அங்கே துணைசெய்யும். அண்மையில் நிழல், அதன்பின் வெயில், அதன்பின் மீண்டும் நிழல் என அமைத்தால் வீதி உட்செல்லும். மின்கம்பிகளை ஒரே தடிப்பில் எழுதாது, அண்மையிற் கருமையாகவும் தொலைவில் வானத்தோடு கரைவனவாகவும் எழுதுக. எல்லாச் சாளரங்களையும் எழுதவேண்டியதில்லை. கண் தங்கவேண்டிய ஓரிடத்தில் மாத்திரம் நுணுக்கம் போதும்.

விளக்கொளி பனியிற் பட்டால் அதனைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். அதனை ஒளியைக் கூட்டும் கலப்பு முறையில் தனியடுக்காக எழுதுக. தூரவிளக்கின் நடுப்புள்ளி மங்க, அதன் வட்டமே எஞ்சும். நனைந்த தார்வீதியில் விளக்கின் பிரதிபலிப்புப் பார்ப்போனை நோக்கி நீண்டு வரும். அக்கோடுகளும் ஆழத்தைத் தருவன. மழையையும் புகையையும் விரைந்துவரும் புகையிரதத்தையும் ஒன்றாக இழைத்து ஆங்கில ஓவியர் டேணர் எழுதிய படம் 1844இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதில் வண்டியின் கரிய முகம் ஒன்றே ஓரளவு தெளிவு. ஏனைய யாவும் காற்று. கடுகண்ணாவை ஏற்றத்தை எழுதப் புகுவோர் அப்படத்தை நெடுநேரம் நோக்குதல் பயன்தரும்.

கண்டி வாவியைக் கடைசி அரசனான சிறீ விக்கிரம இராசசிங்கன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைப்பித்தான். அதன் கரையிலுள்ள வெண்சுவர் அலையலையாக முகிலின் வடிவில் அமைந்தது. முகிற்சுவர் என்றே அதற்குப் பெயர். விளக்கேற்றுதற்குரிய முக்கோண மாடங்களும் அதில் உண்டு. நகரை ஆக்கியோர் தாமே முகிலையும் விளக்கையும் நீரையும் ஒருங்கு எண்ணினர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ! நீரில் விழும் உருவத்தை எழுதும்போது, ஒளியுள்ளவை சற்றுக் கருமையாகவும் கருமையுள்ளவை சற்று வெளிறியும் தோன்றும் என்பதை நினைவிற் கொள்க. உருவத்தை அப்படியே தலைகீழாகப் பிரதிசெய்து ஒட்டுதலும் தவறு. நீர் நமக்குக் கூரையின் மேற்புறத்தைக் காட்டுவதில்லை. தாழ்வாரத்தின் அடிப்புறத்தையே காட்டும்.

முடிவுரை

இன்று சில சொற்களைக் கொடுத்தாற் சில விநாடிகளிற் பனி மூடிய நகரமொன்றைப் படைத்துத் தரும் பொறிகள் வந்துவிட்டன. அவை தரும் நகரம் அழகியதே; ஆயின் அது எந்த ஊர், எந்த மாதம், எந்தத் திசைக் காற்று என்று வினவினால் விடையில்லை. அத்தகைய நகரத்தைப் பொறியினும் விரைவாக எழுத எம் மாணவரால் இயலாது, முயலவும் வேண்டா. தம் கால்கள் நடந்த வீதியின் காற்றை அறிந்து எழுதுதல் அவர்க்கே எஞ்சிய உரிமை. அவ்வறிவை இழப்பாராயின் கைத்தொழிலோடு ஊரையும் இழந்தவராவர்.

பனிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. அறியாதவற்றையும் விரும்பாதவற்றையும் மறைக்க அது வசதியான போர்வை. மலைநாட்டை எழுதும் படங்கள் பலவற்றில் தேயிலைச் சரிவும் முகிலும் இருக்கும். லயன் அறைகள் இரா. வீதி வளைவு இருக்கும். அவ்வளைவில் மழைக்கு ஒதுங்கிக் கடை நடத்துவோர் இரார். 2025 நவம்பரிற் கடுகண்ணாவை வீதியோரத்தில் மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் மாண்டன. நம் படத்தில் மென்மையாகத் தோன்றும் அச்சரிவு, அதன்கீழ் வாழ்வோர்க்குக் கனமுடையது. மலையின் கனத்தையும் மழையின் கனத்தையும் உணர்ந்து எழுதிய சரிவிலேயே உண்மையான ஆழம் உண்டு. சேய்மையைக் காட்டுதற்குப் பனியைக் கொள்க. மனிதரை மறைத்தற்குக் கொள்ளற்க.

ஆகவே மாணவர்காள்! வரைபலகையைத் திறக்குமுன் ஒருநாள் விடியலில் எழுந்து உங்கள் ஊரின் மேட்டுப்பகுதி ஒன்றில் நின்று பாருங்கள். எது தலை மறைந்தது, எது அடி மறைந்தது, எந்தக் கருமை முதலில் வெளிறியது, காற்றின் நிறம் யாது என்பவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். மலையில்லாத ஊரினர் பனந்தோப்பையும் கோயிற் கோபுரத்தையும் குளக்கட்டையும் கொண்டு இப்பயிற்சியைச் செய்யலாம். இக்கலையிற் பயின்ற பழைய மாணவர், தாம் வாழும் நாடுகளின் நகரங்களையும் இவ்வாறு எழுதிக் கல்லூரிக்கு அனுப்புவாராயின், அவற்றை ஒருங்கு வைத்துக் காண்போர்க்கு அது பெரும் பாடமாகும். ஒரு குடியிற் பிறந்தோர் இன்று எத்தனை வகைக் காற்றைச் சுவாசிக்கின்றனர் என்பதை அப்படங்கள் ஒருங்கே காட்டுமன்றோ!

நிலத்தையும் பொழுதையும் முதலாகக் கொண்டு கவி செய்த முன்னோரின் வழிவந்த நம்மவர், அம்முதலையே கொண்டு புதிய கருவியிலும் ஓவியம் எழுதிச் சிறப்பாராக.